வானளாவிய என்றால் எத்தனை மட்டு?

“தருமபுரியில வானம் எவ்வளவு உயரத்துல இருக்கு?”

காலை பத்து மணிக்கு டிரங்க் கால் போட்டு ஒரு செய்தி ஆசிரியர் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் செய்தி ஆசிரியர் கேட்டார். தலைமை அலுவலகத்தில் பல வருடங்களாகச் சிவப்புப் பேனா பிடிப்பவர். நான் தருமபுரி மாவட்ட நிருபர். அவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“புரியலை சார்.”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புது லாட்ஜ் திறந்தாங்கன்னு ஒரு செய்தி அனுப்பினீரே. இன்னிக்கி போட்டோவோட வந்திருக்கு. ‘வானளாவிய கட்டடம்’னு எழுதியிருக்கீர். எத்தனை மாடி?”

“நாலு சார்.”

“கிரவுண்டு ஃப்ளோரைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

“...சேர்த்துத்தான்.”



“பாவம், உங்க ஊர்க் காக்கா எல்லாம் குனிஞ்சுதான் பறக்கணும் போல” என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தருமபுரியில் நாலு மாடி என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. திறப்பு விழா அன்று மொட்டை மாடிக்குப் போக வரிசை நின்றது. லிஃப்ட் இல்லை, லிஃப்ட் வைக்க இடம் மட்டும் விட்டிருந்தார்கள். அந்த இடத்தையும் ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார்கள். நானும் ஏறினேன். சுற்றிலும் மலை வரிசை, கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாக பஸ்கள். இறங்கி வந்து எழுதினேன் — ‘வானளாவிய.’

யோசித்து எழுதினேனா? இல்லை. அதுதான் உண்மை. பத்திரிகைக்காரன் கையில் சில சொற்கள் தானாகவே வந்து உட்காரும். பாதுகாப்பு என்றால் ‘பலத்த.’ பொதுக்கூட்டம் என்றால் ‘மாபெரும்.’ கொஞ்சம் பெரிய கட்டடம் என்றால் ‘வானளாவிய.’ பேனா எழுதிவிடும். ஆளுக்கு வேலையே இல்லை.

ஆனாலும் அந்தக் காக்கா உறுத்தியது. நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அளாவுதல் என்றால் கலத்தல், எட்டித் தொடுதல். நாலு பேர் உட்கார்ந்து அளவளாவுகிறோமே, அதற்குள் இருக்கிற அதே அளாவுதல். ஆக, வானத்தோடு கை கோத்து நிற்கிற கட்டடம். இங்கிலீஷ்காரனின் ஸ்கைஸ்கிரேப்பர் வேறு ரகம். அவன் வானத்தைச் சுரண்டுகிறான். அதுவும் முதலில் கட்டடத்துக்கு வைத்த பெயர் இல்லையாம். கப்பலின் உச்சியில் கட்டுகிற சின்னப் பாய்க்குப் பெயர் அது. பிறகு உயரமான குதிரைக்கு, உயரமான தொப்பிக்கு என்று போய், கடைசியில்தான் கட்டடத்துக்கு வந்திருக்கிறது.

எல்லாம் சரி. எத்தனை மாடிக்கு மேல் வானளாவிய? அகராதி அதைச் சொல்லவில்லை.

சொன்னவர் பாக்கியம்.

பத்து நாள் கழித்து ஒரு பகல் நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பேப்பர் துண்டு. என் லாட்ஜ் போட்டோ!

“பேப்பர்காரரு நீங்கதானுங்களா?”

“ஆமாம்மா. உக்காருங்க.”

உட்காரவில்லை. “ஏரியூர்ல இருந்து வரேனுங்க. எங்க வூட்டுக்காரரு கிணறு வெட்டற செட்டுல இருக்காரு. மாதப்பன்னு பேரு. பெங்களூர்ல கட்டட வேலைக்கி ஆளு எடுக்கறாங்க. காதர் பாய்னு மேஸ்திரி. ஞாயித்துக்கெழம லாரி போவுது.”

“சரி.”

“என்னா கட்டடம் பாய்னு கேட்டமுங்க. வானளாவிய கட்டடம்னாரு. அப்படின்னான்னு கேட்டதுக்கு இந்தப் பேப்பரக் காட்டுனாரு. ‘இதா, உங்க தருமபுரியிலயே ஒண்ணு இருக்கே, போயிப் பாத்துக்கங்க’ன்னுட்டாரு. போன வாரம் வந்து பாத்தனுங்க.”

“பாத்து?”

“எட்டு மட்டு.”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். மட்டு என்றால் ஓர் ஆள் உயரம். கிணறு வெட்டுபவர்களுக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது, மட்டுதான். பாக்கியம் எதிர்க் கடை வாசலில் நின்றபடி லாட்ஜைக் கீழிருந்து மேலாகக் கண்ணாலேயே அளந்திருக்கிறார். பிறகு நான் விசாரித்தேன். கட்டடத்தின் உயரம் நாற்பத்துநாலு அடி. ஒரு மட்டு ஐந்தரை அடி. வகுத்துப் பாருங்கள்.

“நாங்க இப்ப வெட்டற கிணறு பதினாறு மட்டுங்க. இது அதுல பாதி. இதுக்காங்க வானம்?”

செய்தி ஆசிரியராவது காக்காயோடு விட்டார்.

“அதான் சரி, போங்கன்னு சொல்லிட்டேனுங்க. முந்தா நாளு பக்கத்து ஊரு ஆளு ஒருத்தரு அங்க இருந்து வந்தாரு. அவுரு இருவது மாடின்றாரு. நெசமுங்களா? வானளாவியன்னா எட்டு மட்டா, நாப்பது மட்டா? நீங்கதான எழுதுனீங்க, நீங்க சொல்லுங்க.”

பத்திரிகையில் எழுதியதற்கு மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆனால் எழுதிய சொல்லை நம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, அளந்து பார்த்து, புருஷனை அனுப்ப முடிவு எடுத்து... இப்படி ஒருவர் என் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை.

“தெரியலைம்மா” என்றேன். “கேட்டுச் சொல்றேன். நாளைக்கே உங்க ஊருக்கு வரேன்.”

பாக்கியம் பயப்படுகிறார் என்று நினைத்தேன். உயரம் என்றால் பயம் வரும்தானே? என் கணக்கு அது.

மறுநாள் கிணற்று மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காதர் பாயும் அங்கே இருந்தார். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, கையில் மடக்கு ஸ்கேல். தருமபுரியில் பாதி வீடுகளின் சென்ட்ரிங் அவர் கைவேலை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்க சார். உங்க பேப்பரைக் காட்டினேன், அதுல மாட்டிக்கிட்டேன்.”

“நாலு மாடியைக் காட்டி இருபது மாடிக்கு ஆள் எடுக்கலாமா பாய்?”

“நானா எழுதினேன்? வானளாவியன்னு நீங்க போட்டீங்க. நான் இங்கிலீஸ் படிச்சவனா, டிக்சனரி படிச்சவனா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “மறைக்கணும்னு இல்ல சார். இருபது மாடின்னா இவங்களுக்கு எப்படிச் சொல்றது? கண்ணுல பாக்காதவங்களுக்கு எதைக் காட்டறது? இருந்ததைக் காட்டினேன்.”

நியாயம்தான். உயரத்தைக் காட்டுவதற்கு உயரம் வேண்டாமா?

“கிணத்து ஆளா ஏன் தேடிப் பிடிக்கிறீங்க?”

“தலை சுத்தாது சார். கீழ பாத்துப் பழகின கண்ணு. மேல ஏறினாலும் அதே கண்ணுதானே?”

அந்தக் கிணற்றை நீங்கள் பார்க்க வேண்டும்.

சதுரக் கிணறு. மேலே நாலு ஆள் உயரத்துக்கு மண், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. தோட்டா வைத்து உடைத்து, உடைத்து, இறங்கியிருக்கிறார்கள். விளிம்பில் படுத்துத் தலையை மட்டும் நீட்டினேன். அடியில் ஒரு கட்டைவிரல் அசைந்தது. அது மாதப்பன். அவர் கல்லில் போட்ட சுத்தியலின் அடி கண்ணுக்குத் தெரிந்து, அப்புறம்தான் காதுக்கு வந்தது. மூன்று வருடமாக மழை சரியில்லாத பூமி. அவ்வளவு ஆழத்திலும் தண்ணீர் ஒரு குடம் அளவுக்குத்தான் கசிந்திருந்தது.

மேட்டில் ஒரு கிரேன். கிரேன் என்றதும் துறைமுகத்து ராட்சசனை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று இரும்புக் கால், ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, சுற்றுவதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, நிறுத்துவதற்கு ஒரு பிரேக். கயிற்றின் நுனியில் இரும்புத் தொட்டி. கல்லும் அதில்தான் ஏறுகிறது, ஆளும் அதில்தான் இறங்குகிறார்.

பிரேக்கில் பாக்கியம் நின்றிருந்தார்.

“எறங்கிப் பாக்கறீங்களா?” என்றார்.

கேட்டுவிட்டார். நிருபன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

தொட்டிக்குள் ஒரு காலை வைத்தேன். கைப்பிடியில் நின்ற இரண்டு பேரும் நகரவில்லை. ஒருவர் பாக்கியத்தைப் பார்த்து, “இவருக்கு யாரு?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இந்தச் செட்டில் ஒரு முறை உண்டு. எவர் கீழே இறங்குகிறாரோ, அவர் வீட்டு ஆள்தான் பிரேக்கில் நிற்க வேண்டும். பெண்சாதி, தம்பி, மச்சான், மகள்... யாராவது. மாதப்பன் இறங்கினால் பாக்கியம். இன்னொருவர் இறங்கும்போது பாக்கியம் விலகிக்கொள்வார். அந்த வீட்டு ஆள் வந்து நிற்பார். வீட்டு ஆள் அன்றைக்கு வரவில்லையா? அந்த மனிதருக்கு மேட்டில்தான் வேலை. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. மீறியவரும் இல்லை.

எனக்கு யார்? என் வீட்டு ஆள் சேலத்தில் டீச்சர் வேலை பார்க்கிறார்.

எல்லாரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு விநாடிதான் யோசித்தார்.

“இன்னிக்கி நான் இவருக்குத் தங்கச்சி. எறங்குண்ணா.”

அதுவரை ‘பேப்பர்காரரு.’ அந்த நிமிடத்திலிருந்து ‘அண்ணா.’ ‘ங்க’வும் போய்விட்டது.

தொட்டி இறங்கியது. வெயில் முதலில் தோளை விட்டது, பிறகு தலையை. பாறைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மெல்ல மெல்ல மேலே போனது. ஓர் ஆட்டம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. பயம் எங்கே போனது என்று தேடினேன். கயிற்றைப் பார்த்தேன். அந்தக் கயிறு வெறும் கயிறாகத் தெரியவில்லை. அதன் மறுமுனையில் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தார்.

தரைக்கு ஒரு சாண் மேலே தொட்டி நின்றது. இடிக்கவே இல்லை.

“எப்படி?” என்று கேட்டேன், மாதப்பனிடம்.

மாதப்பன் அதிகம் பேசாதவர். உடம்பு முழுக்கக் கல் மாவு. கையால் மேலே காட்டினார். “உருளைப் பக்கம் கயித்துல செவப்புத் துணி கட்டி வெச்சிருக்கா. ஆளு தரையத் தொட ஒரு மட்டு இருக்கறப்ப அந்தத் துணி வெளிய வரும். அதப் பாத்துப் பிரேக்கு பிடிப்பா. நாங்க கீழருந்து கயித்த ஒருதரம் இழுத்தா நிறுத்து. ரெண்டு இழுத்தா தூக்கு. மூணுன்னா...” நிறுத்திக்கொண்டார். “மூணு இதுவரைக்கும் இழுத்ததில்லிங்க.”

“உங்களுக்குப் பெங்களூர் போக ஆசையா?”

“தண்ணி இல்லாத கிணத்த எத்தினி நாளைக்கி வெட்டறது? போவணும்தான். அவ சரின்னு சொல்லணும்.” பிறகு, “மேல பாருங்க சார்” என்றார்.

பார்த்தேன். பதினாறு மட்டு உயரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வானம். அவ்வளவு நீலமான வானத்தை நான் பார்த்ததில்லை. எட்டாத தூரம். அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தலை, எங்களையே குனிந்து பார்த்துக்கொண்டு.

வானம் உயரம் என்று நாற்பது வருடமாகப் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த உயரத்தைப் பார்த்தேன். அண்ணாந்தபடி நின்றேன்.

மேலே வந்ததும் பாக்கியத்திடம் என் கணக்கை ஆரம்பித்தேன். இருபது மாடி என்றால் இத்தனை அடி, அது இத்தனை மட்டு, பயப்படுவது இயற்கைதான், ஆனால்...

இடையில் வெட்டினார். “யாருண்ணா பயந்தது?”

“நீங்கதானே வந்து கேட்டீங்க?”

“எத்தினி மட்டுன்னு கேட்டேன். எத்தினி மட்டா இருந்தா என்னா, எங்க வூட்டுக்காரரு ஏறுவாரு.” பாய் பக்கம் திரும்பினார். “பாய், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவுரு அங்க மேல நிக்கறப்ப கீழ பிரேக்குல யாரு?”

காதர் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“அங்க எஞ்சின்ல கயிறு இழுக்கற வின்ச் இருக்கும்மா. ஆபரேட்டர் இருக்காரு.”

“யாரோட ஆளு?”

“கம்பெனி ஆளு.”

“கம்பெனி இவுருக்கு என்னா ஆவணும்?”

பாய் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

கடைசியில் பாய் சொன்னார்: “ஞாயித்துக்கெழம லாரியில நீயும் வா. உன் கண்ணால பாரு. புடிக்கலைன்னா அன்னிக்கே ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி அனுப்பிடறேன். அதுக்கப்புறம் உன் வூட்டுப் பக்கமே வரமாட்டேன்.” என்னைப் பார்த்தார். “எழுதினவரும் வரணும்.”

போனேன். எழுதினவன் ஆயிற்றே!

லாரி ஓசூர் தாண்டியதுமே எல்லாரும் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெங்களூருக்குள் நுழைந்து, இரண்டு மூன்று திருப்பம். மரங்களுக்கு மேலே அது தெரிந்தது. பிறகு மறைந்தது. மறுபடி தெரிந்தபோது லாரியில் எல்லாத் தலையும் ஒன்றாக அண்ணாந்தது.

பதினாறு மாடி எழும்பியிருந்தது. இன்னும் நாலு பாக்கி. வெறும் தூணும் தளமும், சுவர் கிடையாது. சுற்றிலும் சவுக்குக் கழிகளால் சாரம். எலும்புக்கூடு என்று எழுதியிருப்பேன், பழைய பழக்கத்தில். ஆனால் அது செத்தது மாதிரி இல்லை. தளத்துக்குத் தளம் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். மேகம் ஒன்று அதன் பின்னால் போக, கட்டடமே நம் மேல் சாய்வது போல இருந்தது. நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். பாயும் வைத்தார் — அடிக்கடி பார்ப்பவர்!

பாக்கியம் பின்வாங்கவில்லை. கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக அளந்தார். உதடு அசைந்தது.

“ரெண்டு கிணறு” என்றார். “சரியா ரெண்டு கிணறு. ஒண்ணுமேல ஒண்ணு.”

அகராதிகள் சொல்லாததை அந்த இரண்டு சொல் சொல்லிவிட்டது. நான் படுத்து எட்டிப் பார்த்த அந்த ஆழத்தைப் பூமியிலிருந்து பிடுங்கி, நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் இன்னொன்றை வைத்தால்...

பாக்கியம் அதற்கு மேல் கட்டடத்தைப் பார்க்கவில்லை. நேராக வின்ச் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானும் மாதப்பனும் மேலே ஏறினோம். கைப்பிடி இல்லாத படி. எட்டாவது மாடியில் பேச்சை நிறுத்தினேன். பன்னிரண்டில் எண்ணுவதை நிறுத்தினேன். பதினாறாவது தளத்தில் காற்று வேறு காற்றாக இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தது. நடுத் தூண் ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கப்படவில்லை. பெங்களூர் முழுவதும் மரம். மரத்துக்கு நடுவே ஓடுகள், கோபுரங்கள், ஏரிகளின் பளபளப்பு. ஒரு பருந்து எனக்குக் கீழே வட்டமடித்தது. ஆமாம், கீழே. அதன் முதுகை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

மாதப்பன் ஓரத்துக்கே போய், குந்தி உட்கார்ந்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்று மேட்டில் உட்காருவாரே, அதே மாதிரி. அவருக்குப் பக்கத்தில் வின்ச் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் கலவை மேலே வரும். காலித் தொட்டி கீழே போகும். கீழே போன ஒவ்வொரு தடவையும் தரையில் மோதி, கயிறு நடுங்கியது. நடுக்கம் இங்கே வரைக்கும் வந்தது. மாதப்பன் முகத்தைச் சுளித்தார்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கயிறு நடுங்கவில்லை. ஓடியது, மெதுவானது, நின்றது. அவ்வளவுதான்.

மாதப்பன் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.

“அவ துணி கட்டிட்டா சார்.”

கீழே நடந்ததை இறங்கி வந்த பிறகு பாய் சொன்னார்.

வின்ச் ஆபரேட்டர் பெயர் கெம்பண்ணா. கன்னடக்காரர், தமிழும் பேசுவார், நல்ல மனுஷன். வெற்றிலையை மென்றபடி வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாராம். தொட்டி தடாலென்று தரையில் விழ, சுற்றி நின்றவர்கள் துள்ளி விலகினார்கள்.

“ஏன்ணா, கீழ ஆளு இருந்தா?” என்று பாக்கியம்.

“கீழே மண்ணும்மா. மண்ணுக்கு வலிக்குமா?” என்று கெம்பண்ணா.

“மேல இப்ப யாரு இருக்காங்க?”

“யாரோ இருக்காங்க. முப்பது பேரு.”

“பேரு?”

“பேரு தெரிஞ்சா வின்ச் நல்லா ஓடுமா?”

“ஓடாதுங்களா?” என்று கேட்டிருக்கிறார் பாக்கியம்.

கெம்பண்ணா மெல்லுவதை நிறுத்தினாராம்.

அடுத்து, பாக்கியம் மடியில் இருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்திருக்கிறார். ஏரியூரிலிருந்தே கொண்டுவந்தது! தொட்டி தரைக்கு ஒரு மட்டு மேலே நின்றபோது, உருளைப் பக்கக் கயிற்றில் அதைக் கட்டச் சொன்னார். அடுத்த தடவை துணி வெளியே வந்ததும், “இப்பப் பிடிங்க” என்றார். கெம்பண்ணா பிடித்தார். தொட்டி தரைக்கு ஒரு சாண் மேலே, பூவைப் போல நின்றது. அந்த நேரம் பார்த்து சின்ன வயது இன்ஜினீயர் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

நாங்கள் இறங்கி வந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்ஜினீயர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“லேடீஸ் எல்லாம் கலவைதாம்மா தூக்கறாங்க. வின்ச்ல யாரும் இல்லை.”

“நான் எங்கூர்ல கலவை தூக்கலிங்க. ஆளுங்களத் தூக்கறேன்.”

“இது எஞ்சின். கிளட்ச் எல்லாம் இருக்கு.”

“பழகிக்கறேன்.”

“பழக எத்தனை நாள் ஆகும்னு தெரியுமா?”

“எத்தினி நாள் ஆனாலும் சரிங்க. அதுவரைக்கும் அவுரு தரையில வேலை செய்வாரு. கம்பி வளைக்கட்டும், கல்லு ஒடைக்கட்டும். நான் பிரேக்குல நின்ன அன்னிக்கி அவுரு மேல ஏறுவாரு. இல்லைன்னா நாலரை மணி பஸ்ஸுக்கு நாங்க கெளம்பறோம்.”

இன்ஜினீயர் மாதப்பனைப் பார்த்தார். “ஏம்பா, நீ என்ன சொல்றே?”

மாதப்பன் அந்தப் பதினாறு மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். ஊரில் தண்ணீர் இல்லாத கிணறுதான் காத்திருந்தது. அதுவும் தெரியும்.

“அவ சொன்னதுதானுங்க” என்றார்.

அந்த நாலு மாடி லாட்ஜுக்கு நான் போட்ட ஒரு சொல்லில் ஆரம்பித்தது, இங்கே வந்து நிற்கிறது.

முதலில் வாயைத் திறந்தவர் கெம்பண்ணா. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “சார், நான் கத்துக் கொடுக்கிறேன். எனக்கும் ஒரு ஆளு வேணும்னு ஆறு மாசமா கேக்கறேன்ல?”

“என் பொறுப்பு சார்” என்றார் காதர் பாய்.

இன்ஜினீயர் தொட்டியைப் பார்த்தார். தரைக்கு ஒரு சாண் மேலே இன்னும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. “பதினைஞ்சு நாள்” என்றார். “பார்க்கலாம்.”

நான் மட்டும் நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை நாளாக வானளாவிய என்று எழுதியபோதெல்லாம் கட்டடம் தானாகவே வளர்ந்து வானத்தைத் தொட்டுவிடும் என்பது போலத்தானே எழுதினேன்? தளத்துக்குத் தளம் நகர்ந்த ஆட்கள் அந்தச் சொல்லில் எங்கே இருந்தார்கள்? பதினாறாவது மாடியில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது நான் பிரமித்தது கான்கிரீட்டைப் பார்த்தா? நடுங்காமல் நின்ற அந்தக் கயிற்றைப் பார்த்தா? பஸ் தருமபுரியைத் தாண்டி தொப்பூர் வரைக்கும் போனால்கூட விடை கிடைக்காது என்று தோன்றியது. தருமபுரியிலேயே இறங்கிவிட்டேன்.

போன வியாழக்கிழமை ஒரு கார்டு வந்தது. பாயின் கையெழுத்து. ஆனால் சொன்னது யார் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது.

‘அண்ணா, நல்லா இருக்கோம். பதினேழாவது மாடி போட்டாச்சு. அவுரு மேல. நான் பிரேக்குல. மத்தவங்க பேரும் இப்ப தெரியும், முப்பத்தியொரு பேரு. முப்பத்திநாலு மட்டு ஆவுது.’

கார்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு, நம் மாவட்டத்து ஆட்கள் பெங்களூரில் செய்யும் வேலையைப் பற்றி ஒரு செய்திக் கட்டுரை எழுதினேன். ‘வானளாவிய கட்டடம்’ என்று பேனா தானாகவே எழுதியது. அடித்தேன். ‘முப்பத்திநாலு மட்டு உயரக் கட்டடம்’ என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டிரங்க் கால்.

“மட்டுன்னா என்னய்யா?”

“ஒரு ஆள் உயரம் சார்.”

“அப்ப ஆள் மேல ஆளா முப்பத்திநாலு பேர் நின்னா வர்ற உயரம். சரிதானே?”

“முப்பத்தஞ்சு பேர் சார். கீழே பிரேக்கில் ஒருத்தர் நிற்கணும்.”